நீலப் பதிவேட்டில் என் பக்கம்

நாற்பத்திமூன்று வயதில் ஓய்வு பெற்றவளிடம் அனுபவம் என்று என்ன இருக்கப் போகிறது, யார் கேட்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். கேட்டார்கள். கடைசி நாள் ஆசிரியர் அறையில் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தபோது, புதிதாக வேலைக்கு வந்த பெண் ஒருத்தி கத்தியைக்கூட வாங்கி வைக்காமல் கேட்டாள்: "தர்சினி, நீ இந்து. ஒரு முஸ்லிம் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருடம் எப்படி இருந்தாய்?"

வழக்கமான பதிலைச் சொன்னேன். கதவு திறந்திருந்தது, நான் உள்ளே வந்தேன், யாரும் போகச் சொல்லவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு, இஷொய்க்கு ரயில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, பதினெட்டு வருடமாக இதே பதிலைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். பத்திரிகைக்காரருக்கும், நகரசபையிலிருந்து வந்தவர்களுக்கும், கல்யாண வீடுகளில் என்னைச் சுற்றி நின்ற மாமிமாருக்கும். பதில் பொய்யில்லை. ஆனால் பாதி. மற்றப் பாதி ஒரு நீலப் பதிவேட்டில் இருக்கிறது.

ஓய்வுக்குக் காரணம் காது. இடது காது முழுதாகப் போய்விட்டது; வலது காதில் எந்நேரமும் கேத்தில் தண்ணீர் கொதிக்கிற இரைச்சல். வகுப்பறை இரைச்சல் இனி வேண்டாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். சரி என்று வீட்டில் இருக்க எனக்கு வரவில்லை. காலை எட்டு மணிக்கு உடம்பு தானாக எழுந்து ஜன்னலுக்குப் போகிறது. பிள்ளைகள் சைக்கிளில் போவதைப் பார்த்துவிட்டு, அடுப்பைத் துடைக்கிறேன், திரும்ப ஜன்னல், திரும்ப அடுப்பு. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்து எழுதுகிறேன் என்று சொல்வதும் சரியில்லை, பாதியை நின்றுகொண்டுதான் எழுதினேன்.

படிப்பை இரண்டு வரியில் முடிக்கிறேன். பத்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தேன். கோல்டிங்கில் வளர்ந்தேன். அப்பாவுக்குத் தொழிற்சாலை வேலை. ஆசிரியப் பயிற்சி நான்கு வருடம். படித்தேன், தேறினேன், அடுத்த கிழமையே கோப்பன்ஹேகனுக்கு ஓடி வந்தேன். கோல்டிங்கில் தெருவில் எதிர்ப்படும் ஒவ்வொரு தமிழருக்கும் என் பரீட்சை முடிவு தெரிந்திருந்ததும் ஒரு காரணம்.

நான் சேர்ந்தது ஒரு ஃப்ரீஸ்கோல. அரசு உதவியோடு பெற்றோரே நடத்தும் பள்ளிக்கூடம். டென்மார்க்கில் எந்தக் கொள்கைக்காரரும் அப்படி ஒன்று தொடங்கலாம். கிறிஸ்தவர்கள் நடத்துகிறார்கள், எந்த மதமும் வேண்டாம் என்பவர்களும் நடத்துகிறார்கள். எங்களுடையதை முஸ்லிம் பெற்றோர் நடத்தினார்கள். வருடத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் ஒருவர் வந்து பின் வாங்கில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, கணக்கும் டேனிஷும் மற்றப் பள்ளிக்கூடங்களுக்கு ஈடாக நடக்கிறதா, பிள்ளைகள் ஜனநாயகத்துக்குத் தயாராகிறார்களா என்று பார்ப்பார். காலையில் எல்லோரும் மண்டபத்தில் கூடுவோம். ஒரு பிள்ளை குர்ஆனிலிருந்து ஓதும். பிறகு பாட்டுப் புத்தகத்தைத் திறந்து டேனிஷ் பாட்டு ஒன்று. சோமாலியப் பிள்ளைகள்தான் அதிகம் கத்திப் பாடுவார்கள், தாளம் ஒருநாளும் சேராது.

எனக்கு அங்கே எல்லாம் பிடித்திருந்தது. வெள்ளிக்கிழமை பொட்டு வைத்துக்கொண்டு போவேன். "நீ மாடு சாப்பிடமாட்டாய், நாங்கள் பன்றி சாப்பிடமாட்டோம், பள்ளிக்கூட முகாமுக்குப் போனால் நமக்கு என்னதான் மிச்சம்?" என்று ஒன்பதாம் வகுப்புப் பெடியன் ஒருவன் கேட்டான். உருளைக்கிழங்கு என்றேன். அந்த வருடம் முழுக்க என் பட்டப்பெயர் உருளைக்கிழங்கு.

அதிபர் இத்ரிஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மொரோக்கோவிலிருந்து சிறுவயதில் வந்தவர். பள்ளிக்கூடத்துக்கு வருமுன் பல வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். அங்கிருந்து கொண்டுவந்த பழக்கம்தான் அந்தப் பதிவேடு. தடித்த நீல மட்டை, கோடு போட்ட பக்கங்கள். யார் முறைப்பாட்டோடு வந்தாலும் முதலில் உட்காரக் கதிரை காட்டுவார். பிறகு பேனையைத் திறப்பார். வந்தவர் சொல்வதை, சொன்ன சொல்லிலேயே, சொன்ன மொழியிலேயே எழுதுவார். சுருக்கமாட்டார், அழகுபடுத்தமாட்டார், தூஷணம் இருந்தால் தூஷணத்தோடு. முடிந்ததும் வாசிப்பார். குரலில் ஏற்றமும் இருக்காது, இறக்கமும் இருக்காது. வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி, "இதில் நிற்கிறீர்களா?" என்று கேட்பார். நின்றால் கையெழுத்து. இல்லையென்றால் அடிக்கலாம், ஆனால் ஒரே ஒரு கோடு. அடித்தது கீழே தெரிய வேண்டும். பக்கம் கிழிப்பது கிடையாது. சில நாள் கழித்து அதே ஆளை வைத்துக்கொண்டு இரண்டாம் தரம் வாசிப்பார். "சூடாகச் சொன்னதை ஆறிய பிறகும் கேட்க வேண்டும்" என்பார். அதற்குப் பிறகுதான் முடிவு.

நான் சேர்ந்த முதல் மாதமே அதைப் பார்த்தேன். எதிர்த் தெரு டேனிஷ்காரர் ஒருவர் முகம் சிவந்து வந்தார். "உங்கள் ஆட்கள் என் வாசலை அடைத்து வைத்திருக்கிறார்கள். உங்கள் ஆட்களுக்கு ஒழுங்கு என்றால் என்னவென்று தெரியாது." இத்ரிஸ் எழுதினார். வாசித்தார். அந்த மனிதர் தன் வாயிலிருந்து வந்ததை இன்னொருவர் வாயால் கேட்டார். காலை ஆட்டினார். பிறகு, "இல்லை, மூன்று கார்கள். வெள்ளைக் கார்கள்" என்றார். 'உங்கள் ஆட்கள்' மீது இரண்டு இடத்திலும் ஒரு கோடு விழுந்தது. மூன்று வெள்ளைக் கார்க்காரரையும் இத்ரிஸ் அன்று பின்னேரமே பிடித்தார். அடுத்த கிழமை இரண்டாம் வாசிப்புக்கு அந்த மனிதர் தோட்டத்து அப்பிள் ஒரு பையோடு வந்தார்.

இப்படி ஒரு இடத்தில் வேலை செய்கிறேன் என்று எனக்குத் தலை கொள்ளாத பெருமை. வெளியிலிருந்து ஆட்கள் வருவார்கள், இந்த மாதிரிப் பள்ளிக்கூடங்கள் சமூகத்தைத் துண்டாக்குகின்றன, பிள்ளைகளைப் பூட்டி வைக்கின்றன என்பார்கள். இத்ரிஸ் பதில் சொல்லத் தொடங்குமுன் நான் முந்திக்கொள்வேன்: என்னைப் பாருங்கள், நானே சாட்சி. பாலம் என்ற சொல்லை அந்தக் காலத்தில் எத்தனை தரம் பாவித்தேனோ தெரியாது. பாலம் நான்தான்.

இரண்டாயிரத்து ஒன்பதில் ஒன்பதாம் வகுப்புக்கு டேனிஷும் வரலாறும் எனக்கு, எட்டாம் வகுப்பிலிருந்தே அவர்கள் என் பிள்ளைகள். அந்த வகுப்பில் சுமையா என்றொரு பிள்ளை. குறைவாகப் பேசுவாள், எழுதினால் நிறுத்தமாட்டாள். தாதியாக அல்ல, நேரே வைத்தியராக வர வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். அவளுடைய தகப்பன் நிசாம் பஸ் ஓட்டுநர். அவர்கள் இலங்கை என்று பதிவில் பார்த்ததும் நான் துள்ளினேன். முதல் பெற்றோர் சந்திப்பிலேயே, "அண்ணை, நீங்கள் தமிழோ! எவ்விடம்?" என்று தமிழில் தொடங்கிவிட்டேன். அவர் சீருடைத் தொப்பியை மடியில் வைத்திருந்தார். "புத்தளம்" என்றார். மற்றதெல்லாம் டேனிஷ். நான் தமிழில் கேட்க அவர் டேனிஷில் சொல்ல, இப்படியே இரண்டு வருடம் போனது. கூச்சமாக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

மே நான்காம் தேதி மாலையில் டேனிஷ் வீடுகளில் ஜன்னலில் மெழுகுதிரி வைப்பார்கள். இரண்டாம் உலகப் போரின் முடிவில், ஜெர்மன் படை நாட்டைவிட்டுப் போகிறது என்ற செய்தி வந்த மாலை. மக்கள் இருட்டடிப்புத் துணிகளைக் கிழித்து எறிந்து விளக்கு வைத்தார்களாம். அன்று வரலாற்றுப் பாடத்தில் திரையை இழுத்துவிட்டு நானும் வகுப்பு ஜன்னலில் மெழுகுதிரி வைப்பேன். அந்த வருடம் இலங்கையில் போரின் கடைசி நாட்கள், வன்னியில் சனம் கடற்கரை மணலில் பங்கர் வெட்டிக் கிடந்த நேரம். என்னால் சாப்பிட முடியவில்லை. சனிக்கிழமைகளில் நகரமண்டப முன்றலில் பதாகையோடு நிற்பேன், திங்கட்கிழமை தொண்டை கட்டிப்போய் வகுப்புக்கு வருவேன். அதனால் புதிதாக ஒன்று செய்தேன். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக்குத் தெரிந்த ஒரு போருக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தி, ஒரு வசனம் சொல்ல வேண்டும்.

ஈராக், சோமாலியா, பொஸ்னியா. பதினாலு பதினைந்து வயதுப் பிள்ளைகள் பகிடி விடாமல் சொன்னார்கள். சுமையாவின் முறை வந்தது. நான் என் மெழுகுதிரியைக் கையில் வைத்திருந்தேன். "சுமையாவுக்கு வேறு வேண்டாம்" என்றேன், சந்தோஷமாகத்தான் சொன்னேன். "அவளும் நானும் ஒரே போர். எங்கள் இருவருக்கும் ஒன்று போதும்."

அவள் என் கையைப் பார்த்தாள். மேசைக்குப் போய்ப் பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். தீக்குச்சி கிழித்துத் தானே கொளுத்தினாள்.

"எங்கள் வாப்பா யாழ்ப்பாணம்" என்றாள். "தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் எல்லோரையும் இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் புத்தளம்."

பின்னாலிருந்து ஒருவன், "யார் சொன்னது? ஆர்மியா?" என்று கேட்டான்.

"இல்லை" என்று சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். மிச்சத்தை நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள். எனக்குத் தெரியாதென்றா? வாய்வழிக் கதையாக, அரையும் குறையுமாகத் தெரியும். யாழ்ப்பாணத்து ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த அளவு தெரியும். எங்களுக்காகப் போராடிய இயக்கத்துப் பெடியள் செய்தது என்று சொல்ல வேண்டியதுதான். வன்னியில் இன்றைக்குச் செத்துக்கொண்டிருக்கும்போது இதை எப்படி இந்த வகுப்பில் சொல்வது?

"அது வேறு விஷயம்" என்றேன். "அடுத்தது யார்?"

இரண்டு நாள் கழித்து நிசாம் வந்தார். இத்ரிஸ் கதிரை காட்டினார், பேனையைத் திறந்தார், என்னையும் கூப்பிட்டார். நிசாம் டேனிஷில், பஸ் தரிப்பிடம் அறிவிப்பது போல, ஒவ்வொரு வசனமாகச் சொன்னார். "என்னைத் துரத்தியவர்களுக்கும் எனக்கும் இந்த ஆசிரியை ஒரே மெழுகுதிரி தந்தார். என் மகள் உண்மையைச் சொன்னபோது வகுப்பின் முன்னால் அவள் வாயை மூடினார். வாய்மொழிப் பரீட்சையில் என் மகள் இவர் முன்னால் இருந்து பேசமாட்டாள். நாளையிலிருந்து அவள் வரமாட்டாள்."

இத்ரிஸ் வாசித்தார். நிசாம் கையெழுத்து வைத்தார்.

எழுத்துப் பரீட்சை முடிந்திருந்தது. ஜூனில் வாய்மொழி. டேனிஷுக்குக் கேள்வி கேட்பது படிப்பித்த ஆசிரியை, அதாவது நான். பக்கத்தில் புள்ளி போட வெளியிலிருந்து வரும் ஒருவர் இருப்பார். வாய்மொழிக்கு வராவிட்டால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாமல் ஓகஸ்டில் உயர்தரப் பள்ளிக்கூடம் இல்லை. ஒரு பிள்ளையின் முழு வருடம். அது எனக்குத் தெரிந்திருந்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அது கொஞ்ச ஆட்களுக்குத்தான் நடந்தது" என்றேன். "அது போரே இல்லை. இந்தக் கிழமை அங்கே என் சனம் பங்கருக்குள் சாகிறது."

இத்ரிஸ் அதையும் எழுதினார். வாசித்தார். "இதில் நிற்கிறீர்களா?"

"ஓம்" என்று தமிழில் வந்தது. பேனையைப் பறிக்காத குறையாக வாங்கிக் கையெழுத்து வைத்தேன்.

நிசாம் போன பிறகு, வேறு யாரையாவது பரீட்சைக்குப் போடுங்கள் என்றேன். இத்ரிஸ் பதிவேட்டை மூடினார். "ஆளை மாற்றினால் விஷயம் அதோடு புதைந்துவிடும், அந்தப் பிள்ளையின் வாயை வகுப்பில் மூடியது சரி என்று நானும் கையெழுத்து வைத்தது போல ஆகும். பரீட்சைக்கு முன் இரண்டாம் வாசிப்பு. இருவரும் வர வேண்டும்." ஆறுதலாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. அந்த மனிதரோடு சண்டைகூடப் பிடிக்க முடியாது.

அடுத்த இரண்டு கிழமையும் சுமையாவின் காலி வாங்கைப் பார்த்துக்கொண்டு படிப்பித்தேன்.

பிறகு போர் முடிந்தது. இஷொயில் எங்கள் அடுக்குமாடியில் தமிழ் வீடுகளின் கதவெல்லாம் திறந்து கிடந்தது, ஒவ்வொரு வீட்டிலும் தொலைக்காட்சி, ஒவ்வொரு வீட்டிலும் ஒப்பாரி. வீட்டில் நிற்க முடியாமல் நான் வேலைக்குப் போனேன். கரும்பலகையில் வினைச்சொற்கள் எழுதிக்கொண்டிருந்தபோது ஈராக்கியப் பிள்ளை ஒருத்தி கை உயர்த்தினாள். "தர்சினி, செய்தியில் பார்த்தேன். உங்கள் போர் முடிந்துவிட்டதாம். வாழ்த்துக்கள்!"

அவள் பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. போர் முடிந்தால் ஜன்னலில் மெழுகுதிரி வைப்பார்கள் என்று படிப்பித்தது நான்தானே. நன்றி என்று சொல்லிவிட்டு, கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என்னைப் பற்றிய ஒன்றை இன்னொருவர் ஒரு சொல்லில் முடித்து, அடுத்ததற்குப் போனால் எப்படி இருக்கும் என்று அந்தக் குழாயடியில்தான் தெரிந்தது. அடுத்தது யார் என்று நான் கேட்டபோது சுமையாவுக்கு எப்படி இருந்திருக்கும்?

பின்னேரம் கோல்டிங்குக்கு அம்மாவுக்குப் போன் எடுத்தேன். இருவரும் அழுதோம். அம்மா எண்ணத் தொடங்கினா, ஊரிலிருந்து கோயில் மண்டபம், மண்டபத்திலிருந்து பட்டணத்து வீடு, அங்கிருந்து கொழும்பு, எங்கட சனம்தானே எப்பவும் ஓடினது என்று. அந்தப் பட்டணத்து வீடு என்ற சொல்லில் எனக்குள் ஏதோ தட்டுப்பட்டது. பச்சைக் கதவு. எனக்கு எட்டு வயது. அப்பா அதற்கு முன்னமே டென்மார்க்குக்கு வந்துவிட்டார்.

"அம்மா, அந்தப் பச்சைக் கதவு வீடு ஆற்றை?" யாருடைய வீடென்று அதுவரை நான் கேட்டதில்லை.

"ஆற்றையோ? வாடகை வீடு."

"வாடகை ஆருக்குக் குடுத்தனீங்கள்?"

அந்தப் பக்கம் தொலைக்காட்சியின் சத்தம் கூடியது.

"அம்மா, அங்கை சுவரிலை அரபு எழுத்துப் போட்ட படம் ஒண்டு இருந்ததெல்லோ?"

"அதை நான் எறியேல்லை. கழட்டித் துடைச்சு அலுமாரிக்கு மேலை வைச்சனான்." பிறகு குரல் ஏறியது. "ரெண்டு பிள்ளையளோடை மண்டபத்துச் சீமெந்திலை மாசக்கணக்காக் கிடந்தனான். உனக்கு அம்மை போட்டிருந்தது. பூட்டிக் கிடந்த வீட்டின்ரை திறப்பைப் பெடியள் கொண்டு வந்து தந்தாங்கள், இருங்கோ அக்கா எண்டு. ஆற்றை வீடு தம்பி எண்டு கேப்பனோ? நீ எண்டா கேப்பியோ?"

"கேட்டிருக்கமாட்டன்."

"பின்னை?"

"அந்த வீட்டிலை நான் எழுதிப் பழகின தமிழ்க் கொப்பியை எனக்குத் தந்தது நீங்கள்தானே?"

"கொப்பி வேண்ட எங்கையடி கடை திறந்து கிடந்தது? அலுமாரிக்குள்ளை இருந்தது, எடுத்துத் தந்தனான். எழுதுறதுக்கு அழுதாயெல்லோ." பிறகு போனை விலக்கிப் பிடித்தா. "உவள் என்னப்பா இண்டைக்குப் பாத்து இதைக் கேக்கிறாள்" என்று எனக்கல்ல, அப்பாவுக்குச் சொன்னது கேட்டது. போனை வைத்துவிட்டா.

இரண்டாம் வாசிப்பு நாள். நிசாம் வேலை உடுப்போடு வந்திருந்தார், பஸ் எடுக்க இன்னும் அரை மணித்தியாலம்தான் என்றார். இத்ரிஸ் அவருடைய பக்கத்தை வாசித்தார். "இதில் நிற்கிறீர்களா?" "நிற்கிறேன்." பிறகு என்னுடையதை வாசித்தார். அது கொஞ்ச ஆட்களுக்குத்தான் நடந்தது. அது போரே இல்லை. அந்தத் தட்டையான குரலில், என் சொல். எதிர்த் தெருக்காரர் ஏன் காலை ஆட்டினார் என்று விளங்கியது.

"இதில் நிற்கிறீர்களா?"

"இல்லை" என்றேன். முதல் இரண்டு வசனத்தின் மேல் ஒரு கோடு போட்டேன். கோடு கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. மூன்றாவதை, பங்கருக்குள் சாகிறது என்றதை, அடிக்கவில்லை. அதில் நின்றேன்.

"பதிலுக்கு ஏதாவது எழுத வேண்டுமா?"

டேனிஷில் யோசித்து வைத்துக்கொண்டுதான் போனேன். அழகான வசனங்கள். ஆனால் வாயைத் திறந்ததும் தமிழ் வந்துவிட்டது. இத்ரிஸின் பேனை நின்றது. நாலைந்து மொழி தெரிந்த மனிதர், எனக்காக அந்த விதியை மாற்றவில்லை. சொன்ன மொழியில்தான் எழுத வேண்டும். பதிவேட்டை மெல்லத் திருப்பி நிசாம் பக்கம் தள்ளினார். பேனையை அதன் மேல் வைத்தார்.

"எனக்கு இது தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

நிசாம் பேனையை எடுக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு எடுத்தார்.

நான் சொன்னேன், அவர் எழுதினார். நாங்கள் இடம்பெயர்ந்து பட்டணத்தில் ஒரு வீட்டில் இருந்தம். அது முஸ்லிம் சனம் இருந்த சோனகதெருவில். திறப்பைப் பெடியள் தந்தவங்கள். அதிலை இருந்த சனத்தைத் துரத்தினதும் அவங்கள்தான். ஆற்றை வீடெண்டு நாங்கள் கேக்கேல்லை. அலுமாரிக்குள்ளை ஒரு பிள்ளையின்ரை தமிழ்க் கொப்பி இருந்தது. முன்பக்கத்திலை பென்சிலாலை பேர் எழுதியிருந்தது. நான் எச்சில் தொட்டு அதை அழிச்சுப்போட்டு என்ரை பேரை எழுதினன். மிச்சப் பக்கத்திலை எழுதிப் பழகினன்.

அவருடைய எழுத்து உருண்டை உருண்டையாக இருந்தது. பல வருடம் எழுதாத கை என்று தெரிந்தது. 'ழ' வரும்போதெல்லாம் நின்று நின்று போட்டார். கடைசி வசனத்தில் தலையைத் தூக்கினார்.

"என்ன பேர்?"

இரண்டு வருடத்தில் அவர் எனக்குச் சொன்ன இரண்டாவது தமிழ்ச் சொல் அதுவாகத்தான் இருக்கும். புத்தளத்துக்குப் பிறகு.

"ஞாபகமில்லை."

"பொம்பிளைப் பிள்ளையா, ஆம்பிளைப் பிள்ளையா?"

"தெரியேல்லை."

அவர் குனிந்து எழுதினார். பேர் ஞாபகமில்லை. பேனையை மூடிவிட்டு, பதிவேட்டைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்து, வாசித்தார். ஏனென்றால் எழுதியவர்தான் வாசிக்க வேண்டும், அதுதான் அந்த அறையின் வழக்கம். இத்ரிஸ் மாதிரித் தட்டையாக வாசிக்க அவருக்கு வரவில்லை. 'திறப்பை' என்ற இடத்தில் ஒருதரம் இருமினார். முடித்தார்.

"இதில நிக்கிறியளா?"

"ஓம்."

கையெழுத்து வைத்தேன். அவர் எழுந்து தொப்பியைப் போட்டார். கதவடியில் நின்று இத்ரிஸைப் பார்த்து டேனிஷில் சொன்னார்: "அவள் பரீட்சைக்கு வருவாள். அதற்குப் பிறகு என்னவென்று அவளே சொல்லட்டும்."

இத்ரிஸ் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தன் பதிவேட்டில் தனக்கு வாசிக்கத் தெரியாத ஒரு பக்கம். "நல்ல வடிவான எழுத்து" என்றார். அவ்வளவுதான்.

சுமையா வந்தாள். கேள்விச் சீட்டு இழுத்தாள், அடுத்த அறையில் இருந்து ஆயத்தம் செய்தாள், வந்து உட்கார்ந்து பேசினாள். நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னாள், ஆனால் என்னைப் பார்த்தல்ல, பக்கத்தில் இருந்த வெளியாளைப் பார்த்து. நன்றாகப் பேசினாள். பெறுபேற்றைச் சொல்லி நான் கை நீட்டியபோது பிடித்தாள், உடனே விட்டாள். ஓகஸ்டில் உயர்தரத்துக்குப் போனாள். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

பரீட்சையன்று அறைக்கு வெளியே நடையில் நிசாம் காத்திருந்தார். மகள் முன்னால் படியிறங்கிப் போனதும் என் பக்கம் வந்தார்.

"அந்தக் கொப்பி எத்தினையாம் ஆண்டு படிக்கிற பிள்ளைட?" தமிழில்தான் கேட்டார்.

"மூண்டாம் ஆண்டு."

"என்ட தங்கச்சியும் அப்ப மூண்டாம் ஆண்டு." நான் கேட்குமுன் அவர் இல்லையென்று தலையாட்டினார். "அவட இல்ல. அவ தன்ட கொப்பியைக் கையோட கொண்டு வந்த. உம்மா உடுப்பை எடு எண்டு கத்த, இவ கொப்பியை எடுத்த. இப்பயும் வச்சிருக்கா."

கீழே சுமையா "வாப்பா!" என்று கூப்பிட்டாள்.

"அப்ப அது வேற ஆரோ ஒரு பிள்ளைட" என்றார் படியில் இறங்கிக்கொண்டே. "தேடினா ஆள் இருக்கும்."

தேடவில்லை. வகுப்பு, கூட்டம், மேற்பார்வை, காது வலி, அடுத்த ஒன்பதாம் வகுப்பு, அதற்கு அடுத்தது. மே நான்கு வரும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மெழுகுதிரியும் ஆளுக்கொரு தீக்குச்சியும் கொடுத்தேன். யாருடைய வசனத்துக்குப் பிறகும் அடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை, அவர்களே எழுந்து வரட்டும் என்று விட்டேன். பின் வாங்கில் இருந்த மேற்பார்வையாளர் ஒருமுறை, பாடம் கொஞ்சம் மெதுவாகப் போகிறது என்று எழுதிவிட்டுப் போனார். வேலையில் செய்தது இவ்வளவுதான். அதைக் காட்டி, பாருங்கள் நானே சாட்சி என்று வெளியாட்களிடம் இன்னும் பல வருடம் சொல்லிக்கொண்டும் இருந்தேன். பள்ளிக்கூடம் பிள்ளைகளைப் பூட்டி வைக்கிறதா என்று கேட்டவர்கள் யாரும், உன்னிடம் ஏதாவது திறப்பு இருக்கிறதா என்று என்னைக் கேட்கவில்லை.

இப்போது நேரம் இருக்கிறது. கேத்தில் கொதிக்கிற ஒரு காதும் இருக்கிறது. ஆகவே எழுதுகிறேன், வாசிக்கிறவர்கள் தெரிந்தவர்களிடம் கொடுங்கள். யாழ்ப்பாணம் சோனகதெருப் பக்கம், பச்சைக் கதவு, முற்றத்தில் ஒரு மாதுளை, கிணற்றுக் கட்டில் ஒரு பக்கம் உடைந்திருந்தது. அலுமாரியின் கீழ்த்தட்டில் மூன்றாம் ஆண்டுத் தமிழ்க் கொப்பி. கடைசியாக அதில் ஒரு கடிதம் பாதியில் நின்றது. "அன்புள்ள மாமாவுக்கு, நாங்கள் எல்லோரும் சுகம். நீங்கள் எப்போது வருவீர்கள்" என்பது வரைக்கும். அதற்குக் கீழே கோடு போட்டு, டென்மார்க்கில் இருக்கிற என் அப்பாவுக்குக் கடிதம் எழுதிப் பழகியது நான்.

அந்தக் கொப்பிக்காரருக்கு இப்போது என் வயதுதான் இருக்கும். பேரைச் சொன்னால் போதும்.